மெல்லடுக்குக் காந்தங்கள்: திருப்புவது ஒரு கணக்கு, சூடு தாங்குவது வேறு கணக்கு

"ஒரே ஓர் அடுக்குத் தடிமனில் காந்தம்", "மின்னழுத்தம் கொடுத்துக் காந்தத்தை மாற்றினார்கள்", "அறை வெப்பநிலையில் இரு பரிமாணக் காந்தம்". அறிவியல் செய்திகளில் இந்த மூன்று தலைப்புகளும் சில ஆண்டுகளாக மாறி மாறி வருகின்றன. தொடர்ந்து படிப்பவருக்கு, ஒரே பொருள் படிப்படியாக முன்னேறி வருவது போலத் தோன்றும். ஆனால் பெரும்பாலும் முதல் தலைப்பு ஒரு பொருளைப் பற்றியது, மூன்றாவது முற்றிலும் வேறொரு பொருளைப் பற்றியது. மின்னழுத்தத்துக்கு அழகாக வளைந்து கொடுக்கும் பொருள் கடுங்குளிரில்தான் காந்தமாக இருக்கிறது. சூட்டில் நிற்கும் பொருளோ அவ்வளவு எளிதில் வளைந்து கொடுப்பதில்லை. இது ஏன் என்று புரிந்தால் இந்தத் துறையின் பாதிச் செய்திகள் தெளிவாகிவிடும்.

காந்தம் எங்கிருந்து வருகிறது

ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் ஸ்பின் என்ற பண்பு உண்டு. அதனால் எலக்ட்ரான் ஒரு நுண்காந்தம் போல நடந்துகொள்கிறது. பெரும்பாலான பொருள்களில் எலக்ட்ரான்கள் எதிரெதிர் ஸ்பின்னுடன் சோடி சேர்ந்து காந்தத்தன்மை கழிந்துபோகும். இரும்பு, குரோமியம், நிக்கல் போன்ற தனிமங்களின் அணுக்களில் சோடி சேராத எலக்ட்ரான்கள் மிஞ்சி நிற்கின்றன.

தனி அணுவில் ஸ்பின் மிஞ்சினால் மட்டும் போதாது. பக்கத்து அணுவின் ஸ்பின் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஏதோ ஒன்று தீர்மானிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது பரிமாற்ற இடைவினை. இது குவாண்டம் விதிகளால் வருவது. இரண்டு சட்டக் காந்தங்கள் ஒன்றையொன்று இழுக்கும் விசையைவிட இது பன்மடங்கு வலுவானது. இதன் விளைவாக ஸ்பின்கள் எல்லாம் ஒரே திசையில் நின்றால் ஃபெர்ரோ காந்தம். அடுத்தடுத்தவை எதிரெதிராக நின்றால் எதிர்ஃபெர்ரோ காந்தம். உள்ளே ஒழுங்கு இருந்தும் வெளியே காந்தப்புலம் தெரியாது.

சூடு ஏற ஏற அணுக்களின் அதிர்வு இந்த ஒழுங்கைக் குலைக்கும். ஃபெர்ரோ காந்த ஒழுங்கு குலையும் எல்லைக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். இரும்புக்கு அது 770 டிகிரி செல்சியஸ். எதிர்ஃபெர்ரோ காந்தத்தில் அதே எல்லைக்கு நீல் வெப்பநிலை என்று பெயர்.

மெலிந்தால் காந்தம் நிற்காது என்ற கணக்கு

1966இல் டேவிட் மெர்மினும் ஹெர்பர்ட் வாக்னரும் ஒரு தேற்றத்தை நிறுவினார்கள். ஸ்பின்கள் எந்தத் திசையையும் சமமாகப் பார்க்கக்கூடியவை என்று வைத்துக்கொள்வோம். இடைவினை குறுகிய தூரத்துக்கே எட்டுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட இரு பரிமாணத் தளத்தில், சுழி வெப்பநிலைக்கு மேல் எந்த வெப்பநிலையிலும் நீடித்த காந்த ஒழுங்கு இருக்க முடியாது என்றது அந்தத் தேற்றம்.

காரணம் இது. ஸ்பின்கள் ஒன்றையடுத்து ஒன்று சிறிது சிறிதாகச் சாய்ந்து அலைபோல நகர முடியும். அலை நீளமாக ஆக ஆக, அதை எழுப்பத் தேவையான ஆற்றல் சுழியை நெருங்குகிறது. முப்பரிமாணத்தில் இப்படிப்பட்ட மலிவான அலைகளின் எண்ணிக்கை கட்டுக்குள் இருக்கும். இரு பரிமாணத்தில் அவை கணக்கற்றுப் பெருகி ஒழுங்கையே கரைத்துவிடும்.

தேற்றத்தில் தவறு எதுவும் இல்லை. தப்பிக்கும் வழி அதன் முதல் நிபந்தனையிலேயே இருக்கிறது. எல்லாத் திசையும் சமமாக இல்லாமல், ஸ்பின் மேலே அல்லது கீழே மட்டும் நிற்க விரும்பினால் தேற்றம் அந்தப் பொருளுக்குப் பொருந்தாது. மேல், கீழ் இரண்டு நிலைகள் மட்டும் உள்ள இரு பரிமாண மாதிரி காந்த ஒழுங்கு கொள்ளும் என்று 1944லேயே லார்ஸ் ஆன்சாகர் துல்லியமாகக் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். இப்படி ஒரு திசையை மட்டும் விரும்பும் பண்பைத் திசைச்சார்பு என்போம். இது இருந்தால் மிக நீண்ட அலையை எழுப்பவும் ஒரு குறைந்தபட்ச விலை கொடுத்தாக வேண்டும். அந்த விலைதான் ஒழுங்கைக் காப்பாற்றுகிறது.

ஆக, மெல்லடுக்கில் காந்தம் வேண்டுமென்றால் திசைச்சார்பு உள்ள பொருளைத் தேட வேண்டும். எதிர்ஃபெர்ரோ வகையில் இரும்பு, பாஸ்பரஸ், கந்தகம் சேர்ந்த ஒரு சேர்மம் ஓரடுக்கிலும் ஒழுங்கை விடுவதில்லை என்று 2016இல் தென்கொரியாவில் காட்டினார்கள். ஃபெர்ரோ வகைக்கு அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2017: குரோமியம் ட்ரை அயோடைடு

அந்த ஆண்டு ஜூன் மாதம் 'நேச்சர்' இதழில் இரண்டு கட்டுரைகள் ஒன்றாக வந்தன. ஒன்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஷியாவ்டாங் ஷூ, எம்.ஐ.டி.யின் பாப்லோ ஹாரியோ-எரேரோ ஆகியோரின் குழுக்களுடையது. பொருள் குரோமியம் ட்ரை அயோடைடு. மற்றது பெர்க்லியில் ஷியாங் ஜாங் குழுவினுடையது. பொருள் குரோமியம், ஜெர்மானியம், டெல்லூரியம் சேர்ந்த படிகம்.

இரண்டுமே வான் டெர் வால்ஸ் படிகங்கள். அடுக்குக்குள் அணுக்கள் வலுவாகப் பிணைந்திருக்கும். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே மெல்லிய ஒட்டு மட்டுமே இருப்பதால், கவுளியிலிருந்து வெற்றிலையை எடுப்பது போல ஒவ்வோர் அடுக்காக உரித்துவிடலாம். ஓரணுத் தடிமன் கார்பன் தாளான கிராஃபீனை 2004இல் பிரித்தெடுத்த அதே ஒட்டுநாடா முறைதான் இங்கேயும்.

குரோமியம் ட்ரை அயோடைடின் ஓரடுக்கு சுமார் 0.7 நானோமீட்டர் தடிமன். நடுவில் குரோமியம் அணுக்கள் தேன்கூட்டு வடிவில் நிற்க, ஒவ்வொன்றையும் ஆறு அயோடின் அணுக்கள் சூழ்ந்திருக்கும். ஒவ்வொரு குரோமியத்திலும் சோடி சேராத எலக்ட்ரான்கள் மூன்று. இரண்டு குரோமியங்களை இணைக்கும் அயோடின், ஏறக்குறைய செங்கோணத்தில் அமர்ந்திருக்கிறது. இந்தக் கோணம்தான் பக்கத்து ஸ்பின்களை ஒரே திசையில் நிற்க வைக்கிறது. அயோடின் கனமான அணு என்பதால் எலக்ட்ரானின் ஸ்பின்னும் அதன் சுற்றுப்பாதை இயக்கமும் அங்கே வலுவாகப் பிணைகின்றன. தளத்துக்குச் செங்குத்தான திசைச்சார்பு அங்கிருந்து வருகிறது. அயோடினுக்குப் பதில் லேசான குளோரினை வைத்தால் திசைச்சார்பு தேய்ந்து, ஸ்பின்கள் தளத்திலேயே படுத்துவிடும். காந்தத்தைச் சுமப்பது குரோமியம் என்றாலும், அதை மெல்லடுக்கில் நிற்க வைப்பது அயோடின்தான்.

காந்தத்தை எப்படி அளந்தார்கள்? சில மைக்ரோமீட்டர் அகலமே உள்ள செதில் அது. வழக்கமான காந்தமானியில் வைத்தால் எதுவும் தெரியாது. ஒளியைக் கொண்டு பார்த்தார்கள். காந்தப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் முனைவுத்தளம், அதாவது ஒளி அலை அதிரும் தளம், சற்றே சுழலும். இது கெர் விளைவு. சுழற்சியின் அளவும் திசையும் காந்தமாக்கத்தைக் காட்டிவிடும். ஓரடுக்கில் இந்தச் சுழற்சி 45 கெல்வின் வரை தெரிந்தது. தடித்த படிகத்தின் கியூரி வெப்பநிலை 61 கெல்வின். செல்சியஸில் சொன்னால் முறையே மைனஸ் 228, மைனஸ் 212. திரவ நைட்ரஜன்கூட இதைவிடச் சூடானது.

ஜெர்மானியம்–டெல்லூரியப் படிகத்தில் திசைச்சார்பு மிகவும் குறைவு. இரண்டடுக்கில் காந்தம் சுமார் 30 கெல்வின் வரைதான் நின்றது, அதற்கும் வெளியிலிருந்து ஒரு சிறு காந்தப்புலம் கைகொடுக்க வேண்டியிருந்தது. அப்புறம், 0.3 டெஸ்லாவுக்கும் (டெஸ்லா காந்தப்புலத்தின் அலகு) குறைவான புலத்தை வைத்தே அதன் ஒழுங்கு குலையும் வெப்பநிலையை ஏற்றி இறக்க முடிந்தது. திசைச்சார்பு விதிக்க வேண்டிய அந்தக் குறைந்தபட்ச விலையை, பொருளுக்குப் பதிலாக வெளிப்புலமே விதித்துவிடுகிறது.

இரண்டடுக்கில் வந்த புதிர்

குரோமியம் ட்ரை அயோடைடின் ஓரடுக்கு ஃபெர்ரோ காந்தம். தடித்த படிகமும் ஃபெர்ரோ காந்தம். நடுவில் இரண்டடுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். அளந்தபோது கெர் சமிக்ஞை சுழி. புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால், சுமார் 0.65 டெஸ்லாவில் திடீரென்று முழு அளவுக்கு எகிறுகிறது. மூன்றடுக்கில் புலமே இல்லாமல் சமிக்ஞை திரும்பி வந்துவிடுகிறது.

இதைப் படிப்பது கடினமல்ல. ஒவ்வோர் அடுக்கும் தனக்குள் ஃபெர்ரோ காந்தம். ஆனால் அடுத்தடுத்த அடுக்குகள் எதிரெதிராக நிற்கின்றன. இரண்டில் கழிந்துபோகிறது, மூன்றில் ஒன்று மிஞ்சுகிறது. 0.65 டெஸ்லா புலம் இரண்டாவது அடுக்கை வலுக்கட்டாயமாகத் திருப்பிவிடுகிறது.

அப்படியானால் தடித்த படிகம் ஏன் ஃபெர்ரோவாக இருக்கிறது? இந்தத் துறையிலேயே எனக்குப் பிடித்த பகுதி இந்தப் புதிரின் விடைதான். அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எப்படி அமர்ந்திருக்கின்றன என்பதில் இருக்கிறது அது. அறை வெப்பநிலையில் இந்தப் படிகத்தின் அடுக்குமுறை ஒற்றைச்சரிவு வகை. குளிர்விக்கும்போது சுமார் 210 முதல் 220 கெல்வினில் அடுக்குகள் சற்றே வழுக்கிச் சாய்சதுர வகைக்கு மாறும். உரித்த மெல்லிய செதிலோ, அறை வெப்பநிலையில் இருந்த அடுக்குமுறையைக் குளிரிலும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. சாய்சதுர அடுக்குமுறையில் மேலடுக்கும் கீழடுக்கும் ஒரே திசையை விரும்புகின்றன, ஒற்றைச்சரிவில் எதிர்த்திசையை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அயோடின் அணுவின் அகலம்கூட இல்லாத ஒரு பக்கவாட்டு நகர்வு.

2019இல் இது பல பக்கமிருந்து உறுதியானது. இரண்டு குழுக்கள் சுமார் 2 கிகாபாஸ்கல் அழுத்தம் கொடுத்து, அதாவது காற்றழுத்தத்தைப் போல 20,000 மடங்கு, இரண்டடுக்கை எதிர்ஃபெர்ரோவிலிருந்து ஃபெர்ரோவுக்கு மாற்றின. அழுத்தம் அடுக்குகளைச் சாய்சதுர வகைக்கு வழுக்கச் செய்திருந்தது. அழுத்தத்தை எடுத்த பிறகும் அவை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகக் குழு, வைர நுனியில் பொருத்திய ஒற்றை ஸ்பின் உணரியால் செதில்களை வருடிப் பார்த்தது. அங்கே ஒரு செதில் குத்துப்பட்டபின், அதன் காந்தமாக்கம் பல மடங்கு உயர்ந்திருந்தது. குத்தியதில் அடுக்குகள் வழுக்கிவிட்டன என்பதுதான் விளக்கம்.

இரண்டு ஆற்றல்கள்

இங்கே சற்று நின்று ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

1. அடுக்குகளைத் திருப்பத் தேவைப்பட்டது 0.65 டெஸ்லா. அந்தப் புலம் ஒரு குரோமியம் அணுவின் மூன்று எலக்ட்ரான் காந்தத்துக்குத் தரும் ஆற்றல் சுமார் 0.1 மில்லி எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் சிறு அலகு).

2. அடுக்குக்குள் உள்ள ஒழுங்கைக் குலைக்கத் தேவைப்பட்டது 45 கெல்வின். அந்த வெப்ப ஆற்றல் சுமார் 4 மில்லி எலக்ட்ரான் வோல்ட்.

3. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் சுமார் 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட்.

முதல் எண் அடுக்குக்கு இடையிலான பிணைப்பைக் காட்டுகிறது, இரண்டாவது அடுக்குக்குள் உள்ளதை. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 40 மடங்கு இடைவெளி. 0.1 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்ற அற்பப் பிணைப்பை 10 கெல்வின் சூடுகூடக் கலைத்துவிட வேண்டாமா என்று கேட்கலாம். கலைக்காது, ஏனென்றால் ஒரு தனி அணு திரும்ப முடியாது. தன் அடுக்கின் லட்சக்கணக்கான ஸ்பின்களோடு அது பிணைந்திருக்கிறது. திரும்பினால் ஓர் அடுக்கே மொத்தமாகத் திரும்ப வேண்டும். வெளியிலிருந்து கொடுக்கும் புலமோ மின்னழுத்தமோ எல்லா அணுக்களையும் ஒரே நேரத்தில் தள்ளுவதால் அதனால் முடிகிறது. தாறுமாறாகத் தள்ளும் வெப்பத்தால் முடிவதில்லை.

செய்திகளில் "காந்தத்தைக் கட்டுப்படுத்தினார்கள்" என்று வருவதில் பெரும்பகுதி முதல் எண்ணோடு விளையாடுவது. "அறை வெப்பநிலை" என்று வருவது இரண்டாவது எண்ணை மூன்றாவதுக்கு மேலாகத் தூக்குவது. முதலாவதில் வெற்றி பெற்றதால் இரண்டாவது நெருங்கிவிடாது.

எப்படியெல்லாம் திருப்புகிறார்கள்

1. மின்புலம். ஒரு டிரான்சிஸ்டரில் இருப்பது போலச் செதிலுக்கு மேலும் கீழும் கேட் மின்முனை (மின்னழுத்தம் கொடுக்கும் தகடு) வைக்கிறார்கள். இரண்டடுக்கில் ஸ்பின்கள் எதிரெதிராக இருப்பதால், செங்குத்து மின்புலம் ஓர் அடுக்கைச் சற்றே வலுவாக்கி மற்றதை மெலியச் செய்யும். சுழியாக இருந்த காந்தமாக்கம் எட்டிப் பார்க்கும். 0.65 டெஸ்லா எல்லைக்கு அருகில் புலத்தை நிறுத்தி வைத்துவிட்டு, மின்னழுத்தத்தால் மட்டுமே இரு நிலைகளுக்கும் நடுவே தாவ வைக்கலாம்.

2. எலக்ட்ரான் ஏற்றுதல். அதே கேட்டால் செதிலுக்குள் எலக்ட்ரான்களைக் கொட்டலாம். 2018இல் ஜீ ஷான், கின் ஃபாய் மாக் ஆகியோரின் குழு, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 × 10¹³ எலக்ட்ரான்களுக்கு மேல் ஏற்றினால் இரண்டடுக்கு தானாகவே ஃபெர்ரோ நிலைக்கு வந்துவிடுகிறது என்று காட்டியது. சில பத்து குரோமியம் அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான் என்ற கணக்கு.

3. அழுத்தமும் இழுவிசையும். அழுத்தத்தைப் பற்றி மேலே பார்த்தோம். அது ஒருவழிப் பாதை. இழுத்துப் பார்ப்பதில் குரோமியம் சல்ஃபைடு புரோமைடு முன்னணியில் இருக்கிறது. இதன் அடுக்குகளும் எதிரெதிரானவை. நீல் வெப்பநிலை சுமார் 132 கெல்வின். இதை ஒன்றிரண்டு சதவீதம் இழுத்தால் அடுக்குகள் ஒரே திசைக்கு வருகின்றன, விட்டால் பழையபடி திரும்புகின்றன. காந்தப்புலமே தேவையில்லை. போய்த் திரும்ப முடிகிறது என்பதால், பயன்பாட்டுக்கு அழுத்தத்தைவிட இதுவே நெருக்கமானது என்று நினைக்கிறேன்.

4. முறுக்கி அடுக்குதல். ஓர் அடுக்கை மற்றதன்மேல் மிகச் சிறு கோணம் திருப்பி வைத்தால், அடுக்குமுறை இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்தில் சாய்சதுரம், சில நானோமீட்டர் தள்ளி ஒற்றைச்சரிவு. அதனால் ஒரே செதிலில் ஃபெர்ரோ திட்டுகளும் எதிர்ஃபெர்ரோ திட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் அமைகின்றன. 2021இல் இதை நேரடியாகப் படம்பிடித்தார்கள்.

நான்குமே அடுக்குக்கு இடையிலான பிணைப்பைத் தொடுபவை என்பதைக் கவனியுங்கள்.

சூட்டில் நிற்பது

இரண்டாவது எண்ணை உயர்த்த வேண்டுமென்றால் அடுக்குக்குள் பரிமாற்ற இடைவினை வலுவாக இருக்க வேண்டும். இதற்கு மின்கடத்தும் உலோக வகைக் காந்தங்கள் ஏற்றவை. இரும்பு–ஜெர்மானியம்–டெல்லூரியப் படிகம் ஒன்று, தடித்த நிலையில் 200 கெல்வினுக்குச் சற்று மேல் வரை காந்தமாக இருக்கிறது. மெலிய மெலிய அந்த எல்லை இறங்குகிறது. ஓரடுக்கில் சுமார் 130 கெல்வின் என்று ஒரு குழு அளந்தது. 2018இல் சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகத்தில் யுவான்போ ஜாங் குழு, இதன் மெல்லிய செதில் ஒன்றில் லித்தியம் அயனிகளைக் கொண்ட கேட்டைப் பயன்படுத்தி, கியூரி வெப்பநிலையை அறை வெப்பநிலை வரை ஏற்றிக் காட்டியது. திருப்புவதும் சூடு தாங்குவதும் ஒரே சோதனையில் சந்தித்த அரிய இடம் இது. ஆனால் உலோகத்தில் ஏற்கெனவே எலக்ட்ரான்கள் நிரம்பி இருப்பதால், சாதாரண கேட் அதை அசைக்காது. அயனிகள் செதிலோடு வந்து சேர வேண்டும். அயனி நகர்வது மெதுவான காரியம், எலக்ட்ரான் வேகத்துக்கு வராது.

2022இல் ஜெர்மானியத்துக்குப் பதில் காலியம் வைத்த படிகம் வந்தது. அதன் கியூரி வெப்பநிலை 350 முதல் 380 கெல்வின். நம் ஊர்ச் சித்திரை வெயிலிலும் காந்தமாக நிற்கும். அதோடு ஸ்பின்கள் தளத்துக்குச் செங்குத்தாக நிற்பதால், நினைவகச் சாதனத்துக்குப் பொருத்தமானது. இப்போது அறை வெப்பநிலைச் சாதனச் சோதனைகள் பல இதை வைத்துத்தான் நடக்கின்றன.

இந்த வரிசையில் எச்சரிக்கைக்கு ஒரு பெயரையும் சொல்ல வேண்டும்: ஓரடுக்கு வனேடியம் டைசெலினைடு. 2018இல் இது அறை வெப்பநிலையிலேயே வலுவான ஃபெர்ரோ காந்தம் என்று அறிவிப்பு வந்தது. பின்னர் வேறு குழுக்கள் அளந்தபோது அதன் சொந்த ஃபெர்ரோ ஒழுங்குக்குச் சான்று கிடைக்கவில்லை. எலக்ட்ரான் அடர்த்தி அலைபோலக் கூடிக் குறையும் வேறொரு ஒழுங்குதான் தெரிந்தது. சில அணு அடுக்குகளின் சமிக்ஞை மிகவும் சன்னமானது. காந்த மாசு சிறிது ஒட்டியிருந்தாலும் ஏமாற்றிவிடும்.

எதற்குப் பயன்

மிக உடனடியான பயன் நினைவகம். இரண்டு காந்த அடுக்குகள் ஒரே திசையில் நின்றால் மின்னோட்டம் எளிதாகப் போகும், எதிரெதிராக நின்றால் தடைபடும். இதைத்தான் 1988இல் உலோக அடுக்குகளில் கண்டுபிடித்ததற்காக ஆல்பெர் ஃபெர்ட்டும் பீட்டர் குரூன்பெர்க்கும் 2007இல் நோபல் பரிசு பெற்றார்கள். வன்தட்டு வட்டின் படிப்புத் தலை இதனால்தான் சாத்தியமானது. உலோகத்தில் செயற்கையாக ஒவ்வோர் அடுக்காகப் பூச வேண்டிய அந்த அமைப்பு, குரோமியம் ட்ரை அயோடைடில் படிகத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன் நான்கு அடுக்குகளை இரண்டு கிராஃபீன் மின்முனைகளுக்கு நடுவே வைத்தபோது, புலம் மாறினால் மின்தடை 19,000 சதவீதம் மாறியது. அறை வெப்பநிலையில் இயங்கும் வழக்கமான காந்தச் சுரங்கச் சந்திகள் (மெல்லிய மின்காப்பை நடுவே வைத்த இரு காந்த அடுக்குகள்) சில நூறு சதவீதத்தில் நிற்கின்றன. ஒப்பிடும்போது, 19,000 என்பது சில கெல்வின் குளிரில் கிடைத்த எண் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செய்திகளில் அந்தப் பாதி விட்டுப்போகிறது.

குளிர் ஒரு தடை என்றால் காற்று இன்னொன்று. குரோமியம் ட்ரை அயோடைடுச் செதிலைத் திறந்த காற்றில் வைத்துப் பாருங்கள். காற்றிலுள்ள ஈரம் அயோடினை வெளியேற்றி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; வெளிச்சம் பட்டால் இன்னும் வேகமாக. சில நிமிடங்களில் செதிலின் ஓரம் கரைந்து, நுண்ணோக்கியின் கீழ் துளித்துளியாகத் தெரியும். அதனால் உரிப்பது முதல் அடுக்குவது வரை எல்லாமே ஆர்கான் அல்லது நைட்ரஜன் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் நடக்கிறது. வெளியே எடுக்கும் முன் காற்றைத் தடுக்கும் போரான் நைட்ரைடு அடுக்குகளுக்கு நடுவே வைத்து மூடிவிடுகிறார்கள். குரோமியம் சல்ஃபைடு புரோமைடுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. ஆராய்ச்சியாளர்கள் அதன் பக்கம் சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பரப்பளவு அடுத்த சிக்கல். ஒட்டுநாடாவில் உரித்தால் கிடைப்பது சில பத்து மைக்ரோமீட்டர். சில்லுத் தொழிற்சாலையின் சிலிக்கான் வில்லை (சில்லுகள் செய்யும் வட்டத் தகடு) 300 மில்லிமீட்டர் அகலம். நடுவில் இருக்கும் வழி, வெற்றிடத்தில் அணுக்கற்றை பாய்ச்சி அடுக்கை வளர்ப்பது. அப்படி வளர்த்த குரோமியம் ட்ரை புரோமைடு இரண்டடுக்கை 2019இல் ஃபூடானில் ஸ்பின் உணரும் வருடு ஊடுருவு நுண்ணோக்கியால் (கூர்நுனியால் பரப்பை வருடிப் பார்ப்பது) பார்த்தார்கள். மேலடுக்குத் தீவுகள் சில ஒரு கோணத்திலும், சில வேறு கோணத்திலும் வளர்ந்திருந்தன. ஒருவகைத் தீவுகளில் இரண்டு அடுக்கும் ஃபெர்ரோவாகப் பிணைந்திருந்தன, மற்ற வகையில் எதிர்ஃபெர்ரோவாக. ஆய்வகத்தில் திருப்புவதற்கு வசதியாக இருக்கும் அதே மெல்லிய பிணைப்பு, கோடிக்கணக்கான நினைவகப் புள்ளிகள் ஒரேமாதிரி நடந்துகொள்ள வேண்டிய வில்லையில் இடத்துக்கு இடம் வேறு காந்தத்தைத் தந்துவிடும். முழு வில்லையிலும் ஒரே அடுக்குமுறையை வளர்க்கும் வேலை இன்னும் முடியவில்லை.